மாடி ஒழுகுகிறது, எஸ்டிமேட் மூன்றும் மூன்று விதம்: எதற்குச் செலவழிப்பது?

கேள்வி, ஏப்ரல் 11

வெயிலும் புயலும் மாறி மாறி அடிக்கிற இடம். கான்கிரீட் தளம், வயது இருபதுக்கு மேல். போன புயலில் படுக்கையறை ஃபேன் கிட்டே ஒழுக ஆரம்பித்தது. மேலே வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் அடித்தால் போதும் என்கிறார் ஒருவர். இன்னொருவர் வாட்டத்தை, அதாவது தண்ணீர் வடியும் சரிவைச் சரிசெய்து ஓரமெல்லாம் ஒட்ட வேண்டும் என்கிறார். மூன்றாமவர் மேல் தளம் முழுவதையும் உடைத்து எடுக்கச் சொல்கிறார். முதல் தொகைக்கும் கடைசித் தொகைக்கும் பல மடங்கு வித்தியாசம். யாரை நம்புவது?

ஏப்ரல் 11, இரவு

யாரை நம்புவது என்பது அப்புறம். முதலில் அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை பிரேக்கரில் இறக்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபேன் மாட்டியிருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. அது முழுக்கக் காய்ந்து, ஒரு எலக்ட்ரீஷியன் திறந்து பார்க்கும்வரை அந்த லைன் வேண்டாம்.

அடுத்தது. ஃபேன் கிட்டே சொட்டுவதால் ஃபேனுக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று எண்ண வேண்டாம். தளம் போடும்போதே வயர் ஓட கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்திருப்பார்கள். எங்கோ ஒரு வெடிப்பில் இறங்கும் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டால், அது வெளியே வர ஃபேன் பெட்டியையோ லைட் பாயின்ட்டையோ விட்டால் வேறு வழியில்லை.

என் வீட்டில் ஹால் ஃபேனில் சொட்டியது. தண்ணீர் இறங்கிய இடம் வீட்டின் மறுகோடி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. பழைய டிஷ் ஆன்டெனாவைக் கழற்றியவர் போல்ட்டைத் தளத்தோடு அறுத்துவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டுப் போயிருந்தார். அது துருப்பிடித்து உப்பி, சுற்றிலும் முடி அளவு விரிசல் விட்டிருந்தது. சும்மா பார்த்தால் கண்ணுக்கே படாது. தளத்தைப் பெருக்கி, தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டு, காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற இடமெல்லாம் வெளுத்த பிறகும் அந்தக் கோடுகள் மட்டும் கறுப்பாக நின்றன. விரிசல் குடித்த தண்ணீர் காய நேரமாகும், அதனால்தான். காசே செலவில்லாத சோதனை இது. எஸ்டிமேட் கேட்பதற்கு முன்னால் எல்லோரும் செய்யலாம்.

ஏப்ரல் 12

மூன்று பேரும் மூன்று வேறு நோய்க்கு மருந்து சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் எந்த நோய் என்று யாரும் பார்க்கவில்லை. ஒருவராவது தளத்தைத் தட்டிப் பார்த்தாரா? கீழே இறங்கி சீலிங்கைப் பார்த்தாரா? எப்போது ஒழுகுகிறது என்று கேட்டாரா?

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். மழை தொடங்கிய சில நிமிடத்தில் சொட்டினால் நேர் வழி ஒன்று திறந்திருக்கிறது: குழாய் ஓரம், போல்ட் துளை, பெரிய வெடிப்பு. மழை விட்டுப் பல மணி நேரம் கழித்துச் சொட்டினால் மேல் பூச்சுக்கும் தளத்துக்கும் நடுவே தண்ணீர் தேங்கி மெதுவாக இறங்குகிறது. காற்றோடு சாய்ந்தடிக்கும் மழையில் மட்டும் ஒழுகினால் சுவரையும் ஜன்னல் மேல் விளிம்பையும் பாருங்கள், தளம் நன்றாகவே இருக்கலாம். மழையே இல்லாதபோதும் ஈரம் என்றால் தண்ணீர்த் தொட்டிக் குழாய், மேல்மாடிக் குளியலறை, ஏ.சி. வடிகுழாய். இதைக் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் எஸ்டிமேட் கொடுப்பவரின் பேச்சே மாறும்.

ஏப்ரல் 12, மாலை

போன புயலில் ஒழுக ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கான்கிரீட் தளத்தைப் புயல் ஒரே ராத்திரியில் கெடுப்பது அபூர்வம். வெயில் வருஷக்கணக்கில் கெடுத்து வைத்ததைப் புயல் காட்டிக்கொடுக்கிறது.

கான்கிரீட் 1 டிகிரி சூடேறினால் 1 மீட்டருக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர் நீளும். அற்பமாகத் தெரியும். 10 மீட்டர் தளம், விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் 3 மில்லிமீட்டர். தினமும் 3 மில்லிமீட்டர் நீண்டு, திரும்பச் சுருங்குகிறது. அதே நேரத்தில் நிழல் விழும் கைப்பிடிச் சுவர் அந்த அளவுக்கு நீளாது. அதனால்தான் இரண்டும் சேரும் மூலையில் முதல் விரிசல் வருகிறது. நடுத்தளத்தில் எத்தனை கோட் அடித்தாலும் அந்த மூலையை விட்டுவிட்டால் அடித்தது வீண். அங்கே கால் வட்டமாகப் பூசி, வலைத்துணி வைத்து, நீர்த்தடையைச் சுவரில் ஒரு சாண் அளவுக்காவது ஏற்றிவிட வேண்டும்.

ஏப்ரல் 15

தளத்தில் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வடிகுழாயை அடைத்து ஒரு நாள் நிறுத்திப் பார்ப்பது வழக்கமான சோதனைதான். ஆனால் பழைய தளத்தில் யோசித்துச் செய்யுங்கள். 1 சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 50 கிலோ. 1000 சதுர அடித் தளத்தில் நாலரை டன்னுக்கு மேல். சீலிங்கில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிற வீட்டில் இதைச் செய்யவே கூடாது. அங்கே ஹோஸ் வைத்து ஒவ்வொரு பகுதியாக நனைத்து, கீழே ஒருவரை நிறுத்திப் பார்ப்பது நல்லது. தாழ்வான பக்கத்தில் தொடங்கி மேடான பக்கத்துக்கு நகருங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வந்த தண்ணீர் எந்த விரிசலில் இறங்கியது என்று தெரியாது.

ஏப்ரல் 19

கம்பி தெரிவதைப் பற்றிச் சொன்னேன், அதையே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு முதல் ஆறு மடங்குவரை பெருகும். அந்த அழுத்தத்தில்தான் சீலிங் காரை பாளம் பாளமாக விழுகிறது. முதல் அறிகுறி கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல், ஓரத்தில் செம்பழுப்புக் கறை. கம்பு ஒன்றை எடுத்து சீலிங்கைத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ணங்கென்று கேட்கும், பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். தட்டும்போது நேர் கீழே நிற்க வேண்டாம். தலையில் ஹெல்மெட் இருக்கட்டும்.

இந்த நிலைக்கு வந்த தளத்துக்கு மேல் பூச்சு மட்டும் மருந்தாகாது. கீழே தளர்ந்த கான்கிரீட்டை எடுத்து, கம்பியின் பின்பக்கம்வரை தோண்டி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தே ஆக வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். மொத்தச் செலவில் அது சிறு பங்கு. உடைக்கலாமா வேண்டாமா என்று சொல்கிறவருக்கு உடைப்பதில் லாபம் இருக்கக் கூடாது. அதற்காகவே அந்தப் பணத்தைக் கொடுக்கலாம்.

ஏப்ரல் 20

வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது, அது பூஞ்சையா என்று கேட்ட நண்பருக்கு: தேய்த்தால் மாவாக உதிர்ந்தால் அது உப்பு. கான்கிரீட்டுக்குள் தண்ணீர் ஊடுருவி, கரைத்த உப்பை வெளியே கொண்டுவந்து விட்டுக் காய்ந்திருக்கிறது. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதற்கு அதுவே தடயம். சுரண்டி பெயின்ட் அடித்து மறைக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஏப்ரல் 27

பூச்சு பற்றி. சதுர அடிக் கணக்கில் ஒரு விலை சொல்வார்கள். அந்த விலைக்கு எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று கேளுங்கள். பெரும்பாலும் "இரண்டு கோட்" என்றுதான் பதில் வரும். கோட் ஓர் அளவே அல்ல. தண்ணீர் கலந்து அடித்தால் பத்துக் கோட்டும் அடிக்கலாம்.

கணக்கு எளிது. 1 லிட்டர் பூச்சை 1 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் 1 மில்லிமீட்டர். டப்பாவில் இருப்பதில் பருமனில் 60 சதவீதம் திடப்பொருள் என்றால் காய்ந்த பின் 0.6 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். 100 சதுர அடி என்பது 9.3 சதுர மீட்டர். காய்ந்து 1 மில்லிமீட்டர் நிற்க வேண்டுமானால் 100 சதுர அடிக்குச் சுமார் பதினைந்தரை லிட்டர். 1000 சதுர அடிக்கு 155 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளியில் எட்டு. வேலை முடிந்த அன்று காலி வாளிகளை எண்ணிப் பாருங்கள். மூன்று வாளிதான் கிடக்கிறது என்றால் உங்கள் தளத்தில் நீர்த்தடை இல்லை, நிறம்தான் இருக்கிறது. ஒப்பந்தத்திலேயே "காய்ந்த பின் இத்தனை மில்லிமீட்டர், மொத்தம் இத்தனை லிட்டர், சீல் உடைக்காத வாளிகள் வீட்டுக்காரர் முன் திறக்கப்படும்" என்று எழுதி வாங்குங்கள். இதை எழுத மறுக்கும் ஆளை அனுப்பிவிடலாம்.

ஏப்ரல் 28

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க: கனம் சரியாக இருந்தாலும் பொருள் இடத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அக்ரிலிக் பூச்சு வெயிலைத் தாங்கும், ஆனால் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும் இடத்தில் பெரும்பாலானவை ஊறி மெத்தென்று ஆகிவிடும். பாலியூரித்தேன் தேங்கிய தண்ணீரை நன்றாகத் தாங்கும், ஆனால் மலிவான ரகங்கள் வெயிலில் மஞ்சளித்துப் பொடியாகும். மேலே வெயில் தாங்கும் ஒரு பூச்சு தேவை. தார் ஷீட்டுக்கும் மேலே சிறு கல் துகளோ அலுமினியத் தகடோ இல்லையென்றால் கடும் வெயிலில் வறண்டு வெடிக்கும்.

மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே வாட்டம் சரியில்லை. தட்டைத் தளத்துக்குக் குறைந்தது 100-க்கு 1 வாட்டமாவது வேண்டும், அதாவது 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம். இதை விட்டுவிட்டு எந்தப் பூச்சை அடித்தாலும் அந்தக் குட்டை அதைத் தின்றுவிடும். உங்கள் இரண்டாவது ஆள், வாட்டம் பற்றிப் பேசியவர், அவரிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மே 3

மேலே மேலே பூசுவது பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய தளத்தின் மேல் 5 சென்டிமீட்டர் கான்கிரீட் சாந்து போட்டு வாட்டம் கொடுக்கலாம் என்பார்கள். 1 சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் ஏறுகிறது. 1000 சதுர அடிக்குச் சுமார் 10 டன். ஏற்கெனவே ஒரு தடவை யாரோ போட்டிருப்பார்கள், அதற்கு மேல் ஓடு பதித்திருப்பார்கள், அதற்கும் மேல் இதுவா? ஓரத்தில் ஓர் இடத்தில் துளைத்து எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். இரண்டு அடுக்கு ஏற்கெனவே இருந்தால், உடைக்கச் சொன்ன மூன்றாவது ஆள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். உடைக்கும் செலவில் பெரும்பகுதி கூலியும் இடிபாட்டை இறக்கி அள்ளிப் போடுவதும்தான். என் வீட்டு வேலையிலும் பாதிக்கு மேல் அதற்கே போனது. எஸ்டிமேட்டில் இடிபாடு அள்ளுவது சேர்த்தியா இல்லையா என்று தனியாகக் கேளுங்கள், கடைசி நாளில் சண்டை வருவது அங்கேதான்.

மே 9

ஏப்ரல் 12-ல் புயல் கெடுப்பது அபூர்வம் என்று எழுதினேன். அது கான்கிரீட்டுக்கு. தகடு போட்ட வீட்டுக்காரர் ஒருவர் அதைத் தன் கூரைக்கும் எடுத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. தகடு, ஓடு இரண்டிலும் காற்றே முதல் எதிரி.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருபடியாக ஏறும். மணிக்கு 100 கிலோமீட்டர் 150 ஆனால் அழுத்தம் இரண்டேகால் மடங்கு. அதுவும் கூரையை அமுக்குவதைவிட மேலே இழுப்பதுதான் அதிகம். இழுப்பு கடுமையாக இருப்பது ஓரம், மூலை, முகடு மூன்றிலும். அதனால்தான் கூரை நடுவிலிருந்து பிய்வதில்லை, ஒரு மூலையில் உரியத் தொடங்குகிறது. ஓரங்களில் திருகுகளை நெருக்கமாகப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

1974 டிசம்பர் 25 அதிகாலையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை டிரேசி புயல் அழித்தது. விமான நிலையத்தில் கருவி உடைவதற்கு முன் மணிக்கு 217 கிலோமீட்டர் பதிவானது. அங்கே நடந்ததை ஆராய்ந்தபோது தெரிந்த விஷயம்: தகடுகள் ஒரே இழுப்பில் பிய்ந்துவிடவில்லை. காற்று விட்டுவிட்டு மணிக்கணக்கில் இழுத்ததில் திருகுத் துளையைச் சுற்றி உலோகம் களைத்து விரிசல் விட்டு, அப்புறம் திருகின் தலைக்கு மேலாகவே தகடு கழன்று போயிருக்கிறது. திருகு சட்டத்திலேயே நின்றது, தகடு மட்டும் போய்விட்டது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிவதைப் போல. அதன் பிறகுதான் திரும்பத் திரும்பச் சுமை ஏற்றிச் சோதிக்கும் முறை அங்கே கட்டாயமானது.

ஆகவே ஒரு புயலைத் தாங்கிய தகடு அடுத்ததையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புயலுக்குப் பிறகு ஓர வரிசைத் திருகுகளைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தகட்டை மாற்றுங்கள். பெரிய வாஷர் போட்டு மூடுவது தீர்வல்ல.

மே 9, பிற்பகல்

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்ட் ஷீட் பழையது இருந்தால் அதைத் துளைக்கவோ, உடைக்கவோ, பிரஷர் தண்ணீரில் கழுவவோ வேண்டாம். தூள் நுரையீரலுக்குப் போகும். மேலே ஏறி நடக்கவும் வேண்டாம், சொல்லாமல் உடையும்.

மே 17

வெள்ளைப் பூச்சு அடித்தால் வீடு குளிருமா என்று கேட்கிறார்கள். குளிரும். கரும்பரப்பு வெயிலில் 60, 70 டிகிரியைத் தொடும். நல்ல வெள்ளைப் பரப்பு அதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும், கையை வைத்தாலே தெரியும். தளம் தினமும் நீண்டு சுருங்குவதும் குறையும், அந்த வகையில் ஆயுளுக்கும் நல்லது. ஆனால் வெயிலைத் திருப்பும் வெள்ளை எல்லாம் தண்ணீரைத் தடுக்காது. இரண்டையும் ஒரே டப்பா செய்யும் என்று விற்கிறார்கள். சிலது செய்யவும் செய்யும், ஏப்ரல் 27 கணக்கில் கனம் நின்றால். தூசி படிந்தால் வெள்ளையின் பலன் குறையும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை கழுவுங்கள்.

மே 18

எப்போது அடிப்பது? காய்ந்த பருவத்தில், சரி. எந்த நேரத்தில் என்பதை யாரும் சொல்வதில்லை. காலையில் அடித்தால் தளம் சூடேற ஏற, கான்கிரீட் துளைகளில் இருக்கும் காற்று விரிந்து மேலே வரும். ஈரப் பூச்சில் குமிழியாக வந்து ஊசித் துளை விட்டுப் போகும். முதல் கோட்டை வெயில் இறங்கும் நேரத்தில், தளம் ஆறிக்கொண்டிருக்கும்போது அடித்தால் இந்தத் தொல்லை குறையும். பனி விழும் முன் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முந்தின நாள் ராத்திரி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை முழம் நீள அகலத்துக்கு வெட்டி நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி வையுங்கள். மறுநாள் அடியில் நீர்த்துளி நின்றால் தளம் இன்னும் காயவில்லை. அதன் மேல் அடிக்கும் பூச்சு கொப்புளமாக எழும்பும்.

ஜூன் 2

ஓட்டுக் கூரைக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், தங்களைப் பற்றி எழுதவில்லையாம். ஓடு வெயிலில் சாவதில்லை. ஓட்டுக்கு அடியில் விரித்த தாள், முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சாந்து, இவை சாகின்றன. இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தில் இலை சேர்ந்து தண்ணீர் பக்கவாட்டில் ஏறும். டி.வி. ஆள், தொட்டி ஆள் என்று ஏறியவர்கள் மிதித்து உடைத்த ஓடுதான் ஒழுகலுக்கு அடிக்கடி காரணம். எப்போதும் பத்து இருபது ஓடு கூடுதலாக வாங்கி வையுங்கள், அதே அச்சு பின்னால் கிடைக்காது.

காற்று விஷயத்தில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் பலகையும் சட்டமும்தான் பேச்சு. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்குப் புளோரிடாவைத் தாக்கியபோது, சட்டத்தில் சரியாக ஆணியடிக்காத பலகைகள் கூரையோடு பறந்தன. உள்ளே மழை கொட்டி வீடே வீணானது. அந்த அனுபவத்திலிருந்து உருவான விதிகள் 2002-ல் மாநிலம் முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தன. ஓட்டைக் கழற்றி மாற்றும் நாள்தான் பலகையைத் திரும்ப இறுக்க ஒரே வாய்ப்பு. அன்றைக்கு அந்தக் கூடுதல் செலவைத் தவிர்க்காதீர்கள்.

ஜூன் 14

புயல் அடித்த மறுநாள் கதவைத் தட்டி "உங்கள் கூரை போய்விட்டது, இன்றே முன்பணம் கொடுத்தால் பாதி விலை" என்கிறவரை உள்ளே விடாதீர்கள். மேலே ஏற அனுமதிக்கவும் வேண்டாம். அன்று செய்ய வேண்டியது: நான்கு பக்கமும் போட்டோ, தார்ப்பாய். தார்ப்பாயை முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை இழுத்து, விளிம்பை மரப்பட்டையில் சுற்றி ஆணி அடிக்க வேண்டும். செங்கல் வைத்து அழுத்தினால் அடுத்த காற்றில் அந்தச் செங்கல் யார் தலையிலாவது விழும். ஈரக் கூரையில் ஏற வேண்டாம், கொஞ்சம் நனைந்தாலும் பரவாயில்லை. காப்பீடு இருந்தால் அவர்கள் பார்க்கும் முன் நிரந்தர வேலை எதையும் தொடங்காதீர்கள், தற்காலிக வேலையின் பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

ஜூன் 29

முதல் கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருந்தார். தளத்தை நனைத்துப் பார்த்ததில் அவர் வீட்டில் விரிசல் பெரிதாக எதுவும் இல்லையாம். வடிகுழாயின் வாயைச் சுற்றித்தான் கறுப்பு நின்றதாம், அதோடு அங்கேயே ஒரு குட்டையும். குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே பூசிய சாந்து விட்டுப் போயிருக்கும். இரண்டும் வேறு வேறு பொருள், வேறு வேறு அளவில் நீளும்.

அப்படியென்றால் முழுத் தளத்தையும் உடைக்க வேண்டியதில்லை. குழாயைச் சுற்றி வெட்டி எடுத்து, சுருங்காத சாந்து போட்டு, நீர்த்தடையைக் குழாயின் உட்பக்கம்வரை இறக்குங்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் வாட்டம் திருத்துங்கள். தட்டையான ஜல்லடையைத் தூக்கிவிட்டு, கும்பம் மாதிரி எழும்பி நிற்கும் மூடி போடுங்கள். தட்டை மூடியை நாலு இலை அடைத்துவிடும்.

வேலை செய்யும் கையோடு கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு துளையும் போடச் சொல்லுங்கள். குழாய் அடைத்தால் அதன் வழியாகத் தண்ணீர் வெளியே கொட்டும். ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1000 சதுர அடித் தளத்தில் 9 டன்னுக்கு மேல் தண்ணீர் விழுகிறது. ஒரே குழாயை நம்பி அதை நிறுத்தி வைக்க முடியாது. அந்தத் துளையில் தண்ணீர் கொட்டுவது கீழிருந்து கண்ணுக்குத் தெரிகிற பக்கமாகப் போடுங்கள், அப்போதுதான் குழாய் அடைத்தது உடனே தெரியும்.

எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாரா என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம், இந்த வாரமே கூப்பிடுங்கள்.